சங்கிலியை அனுப்பினால் போதுமா?

தம்பி, நீங்கள் எழுதியிருப்பதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். பாம்பன் பக்கம் ஊர். அப்பா இல்லை. ஒன்பது வருடமாக வளைகுடாவில் வேலை. அப்பா விட்டுப்போன படகுக் கடனை அடைத்தீர்கள், தங்கையைக் கட்டிக் கொடுத்தீர்கள், போன வருடம் மாடி வைத்து வீடும் கட்டிவிட்டீர்கள். அம்மா புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று ஒரு ராத்திரி படுத்ததோடு சரி, மறுநாளே பழைய ஓட்டு வீட்டுக்குப் போய்விட்டார். உங்களுக்கு விசா கிடைத்தால் உங்களைக் கூட்டிவந்து அந்தோணியார் சுரூபத்தின் முன் நிறுத்தி ஒரு பவுன் சங்கிலி போடுவதாக அவர் அன்றைக்கே பொருத்தனை செய்திருந்தார். நடுவில் இரண்டு முறை ஊருக்கு வந்தீர்கள். ஒரு முறை கல்யாண வேலை, ஒரு முறை கட்டட வேலை. பொருத்தனை அப்படியே நிற்கிறது. இப்போது சங்கிலிக்குப் பணம் அனுப்பிவிட்டு, “நீங்களே போட்டுவிடுங்கள்” என்கிறீர்கள். அவர், “சங்கிலி கிடக்கட்டும், நீ வந்து ஒரு பூசைக்கு என் பக்கத்தில் உட்காரு” என்கிறார். அந்தக் கடுப்பில் கேட்டிருக்கிறீர்கள்: நம்ம வேதத்தில் பொருள் என்றாலே பாவமா? பணம் வேண்டாம் அன்பு போதும் என்று சொல்வது உழைக்கிறவனை அவமதிப்பதில்லையா?

கேள்வி ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. பொருளைப் பற்றித் திருச்சபை என்ன சொல்கிறது என்பது ஒன்று. அம்மாவின் பொருத்தனையைப் பணம் அனுப்பித் தீர்க்கலாமா என்பது இரண்டாவது. நான் மோசமான மகனா என்பது மூன்றாவது. அதை நீங்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனாலும் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. நான் சாமியார் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் இந்தக் கடற்கரையில் உபதேசியாராக இருந்தவன். பிள்ளைகளுக்கு மந்திரம், அதாவது செபங்கள், சொல்லிக்கொடுத்தது, சாமியார் வர முடியாத ஞாயிறுகளில் செபம் நடத்தியது, சாவு வீட்டில் விடிய விடிய செபமாலை சொன்னது, இதுதான் என் படிப்பும் அனுபவமும். முதல் இரண்டு கேள்விக்கும் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். மூன்றாவதுக்கு என் கருத்தைத்தான் சொல்ல முடியும்.

பொருள் பாவம் இல்லை. இதில் சந்தேகமே வேண்டாம். கடவுள் தாம் படைத்ததைப் பார்த்து நல்லது என்று கண்டதாகத்தான் வேதத்தின் முதல் பக்கமே சொல்கிறது. பணம்தான் எல்லாத் தீமைக்கும் வேர் என்று பவுல் எழுதியதாகப் பிரசங்கத்தில்கூடச் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். வேர் என்று அங்கே இருப்பது பண ஆசை. அதற்கு முந்தின அதிகாரத்தில், தன் வீட்டாரைப் பராமரிக்காதவன் விசுவாசத்தை மறுதலித்தவன், நம்பிக்கை இல்லாதவனைவிட மோசமானவன் என்கிறார். அதனால் நீங்கள் கடன் அடைத்ததும் தங்கையைக் கரையேற்றியதும் அன்புக்கு எதிரானவை அல்ல. அவையே அன்பு. உழைப்பை யாரும் அவமதிக்கவில்லை.

இயேசுவும் எல்லோருக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கவில்லை. பணக்கார இளைஞனிடம் எல்லாவற்றையும் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வா என்றார். வரி வசூலித்துப் பணக்காரரான சக்கேயு தன் சொத்தில் பாதியைக் கொடுக்கிறேன் என்றபோது, மீதிப் பாதி எங்கே என்று கேட்கவில்லை. இந்த வீட்டுக்கு இன்று மீட்பு வந்தது என்றார். வீட்டை இடி என்றும் சொல்லவில்லை, அங்கேயே விருந்தாளியாகத் தங்கினார்.

திருச்சபை இதைக் கோட்பாடாக எப்படிச் சொல்கிறது என்பதை நம் கரைக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். நமக்கு ‘பங்கு’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள் எல்லாம் சேர்ந்தால் ஒரு பங்கு. வல்லம் என்ற படகு கரைக்கு வந்ததும் பாட்டை, அதாவது பிடித்து வந்த மீனை, பிரிப்பதும் பங்கு. படகுக்காரருக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, கடலுக்குப் போன ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்போம். படகு ஒருத்தருடையதுதான், அதில் யாருக்கும் தகராறு இல்லை. ஆனால் பாடு முழுவதும் எனக்கே என்று அவர் சொன்னால் மறுநாள் அவர் படகில் ஏற ஆள் இருக்காது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு 2402 முதல் 2404 வரையான எண்களில் சொல்வதும் ஏறக்குறைய இதுவே. சொந்தமாக வைத்துக்கொள்ளும் உரிமை நியாயமானது. ஆனால் உலகத்துப் பொருள் எல்லா மனிதருக்கும் என்று கொடுக்கப்பட்டது, வைத்திருப்பவர் அதற்குக் கண்காணிப்பாளர். கடலைப் படைத்தவருக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லுவேன்.

அம்மா நேர்ந்துகொண்ட அந்தோணியாரைப் பற்றியே ஒரு கதை உண்டு. ஊரில் ஒரு வட்டிக்காரர் இறந்துபோனார். அடக்கப் பூசையில் அந்தோணியார், “உங்கள் செல்வம் எங்கு உள்ளதோ அங்கே உங்கள் உள்ளமும் இருக்கும்” என்ற லூக்கா நற்செய்தி வசனத்தை எடுத்துப் பிரசங்கம் வைத்தார். பிறகு, இவருடைய நெஞ்சைத் திறந்து பாருங்கள், இதயம் இருக்காது, அது அவருடைய பணப்பெட்டியில் கிடக்கும் என்றார். போய்ப் பார்த்தால் அப்படியே இருந்ததாம். பதுவை நகரத்துப் பேராலயத்தின் பீடத்தில் டோனாடெல்லோ என்ற சிற்பி இதை வெண்கலத்தில் வார்த்து வைத்திருக்கிறார். இதை நான் வரலாறு என்று சொல்ல மாட்டேன், நம்பியே ஆகவேண்டும் என்று திருச்சபையும் சொல்வதில்லை. அவர் பிரான்சிஸ்கன் துறவி, சொந்தம் என்று எதுவும் வைத்துக்கொள்ளாதவர், 1231 ஜூன் 13இல் இறந்தார், ஒரு வருடம் முடிவதற்குள் புனிதர் பட்டம் பெற்றார் என்பவை வரலாறு. தனக்கென்று ஒன்றும் இல்லாமல் வாழ்ந்தவர் சுரூபத்துக்குத்தான் நாம் பவுன் பவுனாகப் போடுகிறோம். இதைச் சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன், நானும் வெள்ளிக் கண்மலர் போட்டவன்தான்.

சரி, பொருத்தனைக்கு வருகிறேன். இங்கே சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1191ஆம் எண், பொருத்தனை என்பது முடியக்கூடிய, மேலான ஒரு நன்மையைச் செய்வதாகக் கடவுளுக்கு மனமறிந்து கொடுக்கும் வாக்கு என்கிறது. அந்தோணியார் பரிந்து பேசுகிறவர். வாக்கு கொடுத்தது கடவுளுக்கு. 1193ஆம் எண்தான் உங்களுக்கு முக்கியம். பொருத்தனை செய்தவரை மட்டுமே அது கட்டும். அதாவது அம்மா நேர்ந்தது அம்மாவைக் கட்டும், உங்களைக் கட்டாது. நீங்கள் வராவிட்டால் சாமி குற்றம் வரும், வேலை போகும், விபத்து நடக்கும் என்று யாராவது பயமுறுத்தியிருந்தால் அதைத் தூக்கித் தூரப் போடுங்கள். அது நம் விசுவாசத்தில் இல்லை. அப்புறம், பொருத்தனையை நிறைவேற்ற முடியாமல் அம்மா மனம் கலங்கினால், தகுந்த காரணம் இருக்கும்போது அதிலிருந்து விடுதலை கொடுக்கப் பங்குத்தந்தைக்கே அதிகாரம் உண்டு. 1196ஆம் எண் அது. நேர்ந்ததைவிடப் பெரிய நன்மையாகவோ அதற்குச் சமமான நன்மையாகவோ அம்மாவே மாற்றிக்கொள்ளவும் 1197 இடம் கொடுக்கிறது. பூசை முடிந்ததும் சாமியாரைப் பார்த்து இரண்டு நிமிடம் பேசினால் தீருகிற காரியம். பத்து வருடம் இருபது வருடம் இந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டே கிடக்கும் பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் சாமி கோபப்படுவாரோ என்று பயம்.

தங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோயிலுக்கு எதற்குத் தங்கம் என்ற கேள்வி உங்கள் கடிதத்தில் கோபத்தோடு கோபமாக வந்து போகிறது. நாலாம் நூற்றாண்டில் மிலான் ஆயராக இருந்த அம்புரோசியார், போரில் பிடிபட்ட கைதிகளை மீட்பதற்காகக் கோயிலின் பூசைப் பாத்திரங்களையே உருக்கி விற்றார். அதற்காக ஏச்சும் வாங்கினார். திருச்சபையிடம் தங்கம் இருப்பது பூட்டி வைக்க அல்ல, தேவைப்பட்டவருக்குச் செலவழிக்க என்று பதில் எழுதினார். கடலில் பிடிபட்டு அக்கரைச் சிறையில் கிடக்கும் ஆட்களின் வீடுகள் எப்படி இருக்கும் என்று தெரிந்த நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. ஆனால் இன்ன காரியத்துக்கு என்று சொல்லிக் கொடுத்த காணிக்கையை அந்தக் காரியத்துக்கே செலவிட வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. அதனால் சங்கிலியைக் கொடுப்பதற்கு முன்பே அம்மாவிடமும் சாமியாரிடமும் பேசி, சுரூபத்துக்கா, ஏழை வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கா என்று முடிவு செய்யலாம். அந்தோணியார் அப்பம் என்று ஏழைகளுக்கு உணவு கொடுக்கும் பழக்கமே அவர் பெயரில் இருக்கிறது. முடிவு அம்மாவுடையது. பணம் உங்களுடையதுதான், பொருத்தனை அவருடையது.

மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில் இயேசு கோபப்படும் ஓர் இடம் உண்டு. தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை, இது ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்கு நேர்ந்துவிட்ட காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழிப்பவர்களைப் பார்த்துத்தான் அந்தக் கோபம். கோயிலுக்குக் கொடுத்தேன் என்ற பேரில் பெற்றவர்களை விடாதே என்கிறார். உங்கள் வீட்டில் இது விசித்திரமாகத் திரும்பியிருக்கிறது. கோயிலுக்குக் கொடுக்க வேண்டியதை அனுப்பிவிட்டேன், அம்மாவுக்குக் கொடுக்க வேண்டியதையும் அனுப்பிவிட்டேன், இனி என்ன என்கிறீர்கள். அம்மா கேட்பது அனுப்ப முடியாத ஒன்றை.

இந்த இடத்தில் உங்கள் அம்மா நம் வேதத்தை என்னைவிட நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். கடவுள் காலம் காலமாக இறைவாக்கினரை அனுப்பினார், சட்டம் அனுப்பினார், பாலைவனத்தில் பசிக்கு மன்னா என்ற உணவை அனுப்பினார். அது போதாதென்று தானே வந்தார். “வாக்கு மனிதர் ஆனார், நம்மிடையே குடிகொண்டார்” என்று யோவான் எழுதியது அதைத்தான். ஆள் வருவது வேறு, பொருள் வருவது வேறு என்பது நம் விசுவாசத்தின் அடித்தளத்திலேயே இருக்கிறது. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டின் ஏழாம் எண்ணில், கிறிஸ்து எப்படியெல்லாம் நம்மோடு இருக்கிறார் என்று சொல்கிறது. வாசிக்கப்படும் வார்த்தையில் இருக்கிறார், இரண்டு மூன்று பேர் கூடிச் செபிக்கும் இடத்தில் இருக்கிறார், பூசை வைக்கும் குருவில் இருக்கிறார், எல்லாவற்றிலும் சிறப்பாகப் பூசையில் நாம் வாங்கும் நற்கருணையில் இருக்கிறார். கைபேசியில் பூசை பார்ப்பது நல்லதுதான், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனாலும் நற்கருணையைக் கைபேசியில் வாங்க முடியாது, குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தையும் அதில் செய்ய முடியாது. உடம்போடு வந்து நிற்க வேண்டும். வாரம் தவறாமல் வீடியோவில் பேசுகிறேனே என்கிறீர்கள். பேசுங்கள், விட்டுவிடாதீர்கள். அது படம் பார்ப்பது, பக்கத்தில் உட்காருவது இல்லை என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் கரையிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு, நம்மவர்களுக்கே அதிகம் தெரியாது. மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளை. 1549ஆம் ஆண்டு அங்கே அந்தோனியோ கிரிமினாலி என்ற இத்தாலிய சேசு சபைக் குரு இருந்தார். அவர் பெயரும் அந்தோணிதான், முப்பது வயதுகூட ஆகவில்லை. அங்கிருந்த போர்த்துக்கீசியத் தளபதி இராமேசுவரத்துக்குப் போகும் யாத்திரிகர்களிடம் வரி பிடுங்கியதால் வந்த பகை அது, நியாயம் நம்மவர் பக்கம் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. படை வந்தபோது ஆட்கள் கப்பலுக்கு ஓடினார்கள். கிரிமினாலியும் ஏறியிருக்கலாம். பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிவிடக் கரையிலேயே நின்றார், ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார். சேசு சபையின் முதல் மறைசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர், என்று அவரைச் சொல்கிறார்கள். எத்தனை பேரை அவரால் காப்பாற்ற முடிந்தது என்பதைவிட, அந்த நேரத்தில் அந்தக் கரையில் நின்றார் என்பதுதான் என் நெஞ்சில் நிற்கிறது.

இன்னொருவரை எல்லோருக்கும் தெரியும், சேசு சபைக் குருவான அருளானந்தர். 1647இல் லிஸ்பனில் பிரபு குடும்பத்தில் பிறந்து, அரண்மனையில் இளவரசன் பேதுருவோடு வளர்ந்தவர். மறவ நாட்டில் காவி உடுத்தி, மரக்கறி உணவு சாப்பிட்டு, இந்த ஊர்த் துறவியைப் போலப் பண்டாரசுவாமியாக அலைந்தார். ஒரு முறை ஐரோப்பாவுக்குத் திரும்பியபோது, அரசனாகிவிட்ட அந்தப் பழைய நண்பன் இங்கேயே இரு என்று கேட்டான். மறுத்துவிட்டு இந்தச் சனங்களிடமே வந்தார், 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். அங்கே இருந்து செம்மண் எடுத்து வருகிறோம். மண் அவர் ரத்தத்தால் சிவந்தது என்பது பக்தி, விசுவாசக் கோட்பாடு இல்லை. திரும்பி வந்தார் என்பது வரலாறு. உங்களை யாரும் ஈட்டிக்கும் வாளுக்கும் முன்னால் நிற்கச் சொல்லவில்லை தம்பி, ஒரு மாத லீவு அவ்வளவுதான்.

இப்போது மூன்றாவது. நீங்கள் மோசமான மகன் இல்லை. ஆனால் பாதி வேலை செய்த மகன் என்று சொல்வேன். வளர்ந்த பிள்ளைகள் பெற்றோருக்கு முதுமையிலும் நோயிலும் தனிமையிலும் தங்களால் முடிந்த அளவு பொருளுதவியும் மன ஆதரவும் தர வேண்டும் என்று மறைக்கல்வி 2218 சொல்கிறது. ‘முடிந்த அளவு’ என்பதைக் கவனியுங்கள். வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடு என்று எந்த ஏடும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். பாடு கிடைக்காமல் வல்லத்தை விற்றவர்களைப் பார்த்தவன் நான். ஒப்பந்தம், கடன், முதலாளியின் குணம் எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்.

கடைசியாக ஒரு சந்தேகம், இது முழுக்க முழுக்க என் ஊகம். அம்மா புது வீட்டை விட்டுப் போனதைப் பெரிய துறவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பொருளாசையை வென்றவர் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போது உண்மைக் காரணம் குளியலறையின் வழுக்கும் டைல்ஸாக இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மகன் பளிங்கு மாதிரித் தரை போட்டார், தாய் திண்ணையிலேயே படுத்தார். எல்லோரும் அவருடைய எளிமையைப் புகழ்ந்தார்கள். கால் மரத்துப் போகிறது, தரை சில்லென்று இருக்கிறது என்பதைக் கடைசியில் பேத்தியிடம்தான் சொன்னார். பழைய வீட்டிலிருந்து கோயில் மணி கேட்குமா? சாயங்காலம் செபமாலை சொல்ல வரும் பெண்கள் அந்தத் தெருவிலா இருக்கிறார்கள்? பாசி எடுக்கக் கூடப் போன கூட்டாளிகள் அங்கேதானா? அந்த வாசலில் உட்கார்ந்தால் அப்பா கரையேறிய இடம் தெரியுமா? இதையெல்லாம் போனில் கேட்டால் “ஒன்றுமில்லை, நீ சாப்பிட்டியா” என்பார். பக்கத்தில் இரண்டு ராத்திரி படுத்தால் தானாக வாயில் வரும்.

அந்தோணியார் திருநாள் ஜூன் 13. விசைப்படகுகளுக்கு மீன்பிடி தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பதால் திருநாள் அன்று ஊரில் பாதிப் பேராவது கரையில் இருப்பார்கள், உங்களோடு ஒன்றாக மந்திரம் படித்தவர்களும்தான். அந்த வாரத்துக்கு லீவு கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். அங்கிருந்து சங்கிலி வாங்கி வர வேண்டாம். இங்கே வந்து, அம்மாவைக் கூட்டிக்கொண்டு இராமநாதபுரம் கடைத்தெருவுக்குப் போங்கள். எந்தச் சங்கிலி என்று அவர் ஒரு மணி நேரம் புரட்டிப் பார்க்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள். அதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள், அந்த மாடிப்படிக்குக் கைப்பிடி வைத்தீர்களா?